ஒன்பது நாள் மறைத்து வைத்த கேள்வி

அந்த ஏலத் தூரை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கோடை மழை பொய்த்துப்போன வருஷம் அது. போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கும் சரிவுகளில் ஏலத்தோட்டங்கள் எல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. செடிகள் தரையோடு மடிந்து கிடந்தன. நடந்தால் காலுக்கடியில் சருகு நொறுங்குவது மட்டும்தான் கேட்டது. பூ இல்லை, அதனால் தேனீயும் இல்லை. தேனீச் சத்தமே இல்லாத ஏலத்தோட்டத்தில் அதற்கு முன் நான் நின்றதில்லை. அந்தச் சருகுக்கு நடுவில், கிழங்கிலிருந்து கொத்தாக முளைத்த ஒரே ஒரு தூர் மட்டும், ஆடி மழையில் நனைந்து நிற்பது போலக் கரும்பச்சையாக நின்றது.

"பாத்தியா தங்கச்சி? பதினோரு வாரமா சொட்டுத் தண்ணி இல்ல. இது மட்டும் சிரிச்சுக்கிட்டு நிக்குது" என்றார் அண்ணன்.

அவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரர், மலையிலேயே தங்கியிருப்பவர். நான் போடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சர். அப்பா இறந்தபிறகு மலையில் இருந்த ஒரு ஏக்கர் என் பெயருக்கு வந்தது. சனிக்கிழமை தோறும் கூலிக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் ஒரு ஏக்கரையும் அண்ணனின் ரெண்டு ஏக்கரையும் கவனித்துக்கொள்ள, போடிக்குப் பக்கத்துச் சிலமலையிலிருந்து ஒரு அக்கா வருவார். கல்யாணமான நாளிலிருந்து ஏலக்காட்டில் வேலை செய்பவர். கையெழுத்து மட்டும் போடுவார். அதற்கு மேல் படிப்பு கிடையாது.

அந்தப் பச்சைத் தூரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். தூரையே பெயர்த்துக்கொண்டு போக, கேட்ட விலை தருகிறேன் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தாளு வாங்கிட்டுப் போயி அவரு பேரை வச்சு ஒவ்வொரு கன்னா விப்பாரு. இங்கன அம்புட்டுப் பேரும் காஞ்சு கெடக்கோம். இது எல்லாருக்கும் போகட்டும். ஆனா ஒண்ணு, இது செடியோட கொணமா, இல்ல அந்த எடத்தோட கொணமா? அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வகுப்பில் இருபது வருஷமாக நான் மாணவர்களைக் கேட்க வைக்க முயன்ற கேள்வி. ஒரே தோட்டத்தில் நட்டால் தெரியாது, பல மண்ணில், பல நிழலில், பல உயரத்தில் நட்டு, எல்லோரும் ஒரே மாதிரிக் குறித்து வைத்தால்தான் தெரியும் என்று சொன்னேன். ஆராய்ச்சி நிலையம் செய்யவேண்டிய வேலை. ஆனால் ஒரு நிலையத்துக்கு அத்தனை மண் ஏது? எங்களிடம் இருந்தது.

அப்படித்தான் அந்த ஏடு தொடங்கியது. ஏடு என்று சொன்னாலும் அது இணையத்தில் நான் திறந்துவைத்த ஒரு பக்கம். யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். கன்று வாங்குகிறவர் காசு தர வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மழை எவ்வளவு, நிழல் எவ்வளவு, செடி எப்படி என்று எழுதிப் படம் போடவேண்டும். தன் செடி பெருகினால் அடுத்தவருக்கும் சும்மாவே கொடுக்கவேண்டும். கடைசியாக நானே ஒரு வரி சேர்த்தேன்: நல்லதை எழுதுவது போலவே கெட்டதையும் மறைக்காமல் எழுதவேண்டும். அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷ மழையில் அண்ணன் தூரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நிழல்வலைக்கு அடியில் நீளக் குழி எடுத்து நட்டுக் கன்றுகளைப் பெருக்கினார். ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, அடுத்த வருஷம் ஆனி மாதத்துக்குள் குழிகள் நிறைந்துவிட்டன. அதற்குள் ஏட்டைப் படிக்கிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். தமிழும் மலையாளமும் கலந்து எழுதினார்கள். மலையாளத்துக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை அறுத்து மழைமானி செய்வதைப் படம் போட்டுக் காட்டினார். தேவாரம் ஊர்க்காரர் ஒருவர், மலையில் தோட்டம் வைத்திருப்பவர், அதன் அளவுக் கோட்டில் இருந்த தப்பைத் திருத்தினார். குடகுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சியாளர், நாங்கள் யாரும் நேரில் பார்த்திராதவர், எந்த எண்ணை எப்படி ஒப்பிட வேண்டும் என்று பொறுமையாக எழுதிக் கொடுப்பார். சம்பளமில்லாமல், கேட்காமலே. மலையும் சமவெளியும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வுக்கூடமாகிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் கன்றுகளைக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஜீப்பில் போகும்போது நடந்ததை எழுதவேண்டும்.

போடியிலிருந்து கிளம்பிய ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அக்கா என் காதருகில் சாய்ந்து சொன்னார்.

"டீச்சர், கன்னுக் குழியில கெழக்கு ஓரத்துல நாலஞ்சு கன்னு இருக்குல்ல, அது எனக்குப் பிடிக்கல."

"ஏங்கா, என்ன அதுக்கு?"

"குருத்து எலை நரைச்சாப்புல இருக்கு. வெயிலுக்கு நரைக்கிற மாதிரி இல்ல. கோடு கோடா."

"கிழக்குப் பக்கம் வலை கிழிஞ்சிருக்குக்கா. வெயில் நேரா விழுந்திருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். "இருக்கும்" என்றார். பிறகு வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மேலே போய்ப் பார்க்கவும் செய்தேன். பனி மூட்டமாக இருந்தது. இலைகள் நனைந்திருந்தன. குனிந்து ரெண்டு இலையைத் திருப்பினேன். வெளிறல் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வலையைத் தைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்கா சொன்னதை ஏட்டில் எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று எழுதாமல் விடவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. அக்காவிடம் இருந்தது பட்டன் போன். யாரும் எழுதலாம் என்று நான் திறந்து வைத்த பக்கத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கன்று கொடுத்த நாள் திருவிழா மாதிரி இருந்தது. ஈரச் சாக்கும் கயிறுமாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஏட்டில் பெயர், ஊர், தோட்டத்தின் உயரம் எல்லாம் பதிந்தபிறகே கன்றைத் தொட்டார்கள். அண்ணன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கிழக்கு ஓரத்துக் கன்றுகளும் அன்றைக்குப் போயின.

புரட்டாசி மாதம். பள்ளியில் இடைவேளை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். தேவாரத்துக்காரர் தன் மழைமானியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். நல்ல மழை, பாட்டில் நிறைந்திருந்தது. அதற்குக் கீழே குடகுப் பெண் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

"மழைமானிக்குப் பின்னால் தெரியும் செடியின் குருத்திலையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட முடியுமா?"

அவ்வளவுதான். நான் படத்தைப் பெரிதாக்கினேன். பாட்டிலுக்குப் பின்னால், மங்கலாக, எங்கள் கன்று. நடு நரம்பிலிருந்து இலையின் ஓரம் வரைக்கும் வெளிர்பச்சைக் கோடுகள், சீப்பால் வாரியது போல.

கட்டே நோய். ஏலம் வைத்திருக்கும் யாரும் சத்தமாகச் சொல்ல விரும்பாத பெயர். நச்சுயிரி. மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். நோயுள்ள தூரைப் பிரித்து நட்டால் மனிதர்களும் கொண்டுபோவார்கள். பிடித்த தூர் உடனே சாகாது. வருஷத்துக்கு வருஷம் சூம்பி, காய் குறைந்து, சுற்றியிருப்பதற்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் சாகும். எல்லாவற்றையும் விட மோசம், நோய் ஏறிய செடி சில வாரம், சில சமயம் மூன்று நாலு மாதம்கூட, ஒரு கோடும் காட்டாமல் பச்சையாக நிற்கும்.

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு நான் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் கேள்விய எத்தனை பேரு பாத்திருப்பாக?" என்றார்.

"இன்னும் யாரும் பதில் போடலண்ணே."

"அப்ப அதை எடுத்துரு."

"அண்ணே..."

"நான் சொல்றத முழுசாக் கேளு தங்கச்சி. ஒரு ஆளு தோட்டத்துல, ஒரு போட்டோவுல, ஒரு எலையில கோடு. அது அங்கன இருந்து ஏறுனதா இருக்கலாம்ல? இதப் படிச்சாகன்னு வையி, நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருவாக. ரெண்டு வருஷப் பாடு. மொதல்ல நேர்ல போயிப் பாப்போம். பாத்துட்டு நாமளே சொல்லுவோம். நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன் என்பதே உண்மை. அடுத்த மாதம் மதுரையில் ஒரு கூட்டத்தில் இந்த ஏட்டைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேச்சைக்கூட எழுதி முடித்திருந்தேன். பக்கத்தைத் திறந்தவள் என்ற முறையில் ஒரு பதிவை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிற வசதி என்னிடம் மட்டும் இருந்தது. அழிக்கவில்லை, மறைக்கத்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். படமும் கேள்வியும் காணாமல் போயின. குடகுப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மேலே போக முடியவில்லை. விடாத மழை, பாதையில் ஒரு வளைவில் பாறை விழுந்து ஜீப்பெல்லாம் நின்றுவிட்டது. போடியிலிருந்து பார்த்தால் மலையே தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் சுவர். வகுப்பெடுக்கும்போது ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்ப்பேன். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசிப்பேன். அசுவினி எளிதில் கண்ணில் படாத அளவு சிறியது. அதற்கு அவசரமும் இல்லை.

ஏடு மட்டும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. "எங்க கன்னு நல்லாருக்கு", "புதுக் குருத்து ரெண்டு வந்திருக்கு" என்று படங்கள் வந்தபடி இருந்தன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். சிலதில் ஒன்றும் இல்லை. சிலதில் என் கண்ணே கோடு போட்டதா, உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லி நான் பதிலும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பாதை திறந்தது. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முதல் ஜீப்பில் ஏறினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

தோட்டத்துக்குப் போனதும் நேராகக் கன்றுக் குழிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். குழியில் மீதமிருந்த கன்றுகளில் இரண்டு வரிசை காலியாக இருந்தது. அண்ணன் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம்.

"இந்த ரெண்டு வரிசையும் எங்கண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "மூணு பேரு வந்தாங்க. பாறை விழுந்துச்சுல்ல, அதுக்கு மறுநாளு, கேரளாப் பக்க ரோட்டு வழியா. முன்னாடியே வாக்குக் குடுத்துருந்தேன். அம்புட்டுத் தூரம் வந்தவகள வெறுங்கையோட அனுப்ப மனசு வரல தங்கச்சி. நல்ல கன்னாப் பாத்துத்தான் குடுத்தேன்."

"பதிஞ்சாங்களா?"

"ரெண்டு பேரு பதிஞ்சாக. ஒருத்தரு போன்ல சார்ஜ் இல்ல, வீட்டுக்குப் போயிப் பதியிறேன்னாரு. அவருதான் பாதி லோடு ஏத்துனாரு."

அந்த மனிதர் பிறகு பதியவே இல்லை. அவர் பெயரையோ ஊரையோ அண்ணன் கேட்டுவைக்கவில்லை. ஏட்டில் எழுதுவார் என்றுதான் கேட்கவில்லை.

அக்கா இதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார். குனிந்து, குருத்திலையை விரலால் நீவிப் பார்ப்பார். சரியில்லை என்றால் அந்த இலையின் நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார். முதல் குழியில் முடிச்சுகள் கொஞ்சமாக இருந்தன. கிழக்கே போகப்போக அதிகமாயின. கடைசிக் குழியைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாக முடிச்சுப் போட்ட இலைகள் காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றன.

பிறகு தாய்த்தூருக்குப் போனோம். வறட்சியில் தனியாக நின்ற அதே தூர். இப்போது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, அடியில் சரம் சரமாகக் காய் பிடித்திருந்தது. அக்கா அதைச் சுற்றி வந்தார். நடுவிலிருந்த இளங்குருத்தை மெல்ல வளைத்துக் கீழே இழுத்தார். வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துப் பார்த்தார். அதிலும் முடிச்சுப் போட்டார்.

அண்ணன் திரும்பி ஸ்டோருக்குள் போய்விட்டார்.

"நான் அன்னைக்கே ஜீப்புல சொன்னேன்ல டீச்சர்" என்றார் அக்கா. குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை.

"ஏங்கா மறுபடி சொல்லல? நான் சரியாக் கேக்கலன்னா ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"ஒருக்கா சொன்னா அது ஒங்க ஏட்டுல ஏறிரும்னு நெனச்சேன். எல்லாம் அதுல இருக்குன்னு சொல்லுவீகளே. படிச்சவுக நாலு பேரு பாத்து, அது ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருப்பாகன்னு இருந்துட்டேன்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் தோட்டத்தைப் பார்க்கப் போனார். அங்கேயும் முடிச்சுகள் இருந்தன.

அந்தச் சரிவில் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் ஒரே ஒரு பாறை. அதன்மேல் உட்கார்ந்து எழுதினேன். அக்கா எந்தத் தேதியில் என்ன சொன்னார், நான் அதை எப்படித் தட்டிக் கழித்தேன், கன்று எந்த நாளில் யார் யாருக்குப் போனது, குடகுப் பெண்ணின் கேள்வி, அதை நான் ஒன்பது நாள் மறைத்தது, அந்த ஒன்பது நாளுக்குள் போன லோடு. எதையும் விடவில்லை. மறைத்த படத்தையும் கேள்வியையும் திரும்ப எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். பதிவைப் போடுவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போய் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்.

"என் தோட்டம்னு எழுதணுமா?" என்றார்.

"எழுதித்தாண்ணே ஆகணும். எங்கேயிருந்து போச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்கெங்க போச்சுன்னு தேட முடியும்."

"சும்மா குடுத்தேன் தங்கச்சி. ஒருத்தர்ட்டயும் ஒத்த ரூபா வாங்கல."

"தெரியும்ணே."

"சும்மா குடுத்ததுனாலதான் இம்புட்டுத் தூரம் போயிருக்கு, இல்ல?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதிவைப் போட்டேன். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. படங்கள், கேள்விகள், வசவுகள். "இத்தன நாளா நல்லாருக்குன்னு எங்களுக்கு வாழ்த்துச் சொன்ன டீச்சர்தானே நீங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஆமாம் என்று மட்டும் எழுதினேன். மதுரைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். குடகுப் பெண் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. இலையை எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பிடுங்கிய தூரை என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். இலைகளை அனுப்பச் சொன்னார். பதினைந்து நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. அக்கா முடிச்சுப் போட்ட எல்லா இலையிலும் நச்சுயிரி இருந்தது. முடிச்சுப் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பிய சில இலைகளிலும் இருந்தது.

அந்தக் கடைசி வரிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

நானும் அக்காவும் ஏட்டில் பதிந்தவர்களின் தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். ஒவ்வொரு வார விடுமுறையும் அதற்கே போனது. சிலர் எங்களைக் கண்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஒருவர் கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே ஆள் நடமாடுவது தெரிந்தது, நாய் மட்டும் குரைத்தது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக, காய்ந்துபோன தங்கள் அரை ஏக்கர் முழுக்க எங்கள் கன்றை நம்பி நட்டிருந்தார்கள். அக்கா முடிச்சுப் போடப் போட, அந்தப் பெண் பின்னாலேயே வந்து வெறுங்கையால் பிடுங்கினார். மழையில் மண் இளகியிருந்ததால் சுலபமாக வந்தது. பாதி வரிசை முடிந்தபோது நின்று என்னிடம் கேட்டார்.

"டீச்சர், ஓரத்துல எங்க பழைய செடி பத்துப் பதினஞ்சு பொழச்சு நிக்குது. அதுக்கும் ஏறியிருக்குமா?"

"தெரியலம்மா. ரெண்டு மூணு மாசம் பாத்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவர் தன் பழைய செடிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் நல்ல பச்சையாக இருந்தன. மறுபடி பிடுங்க ஆரம்பித்தார்.

தாய்த்தூரை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் தானே தோண்டி எடுத்துவிட்டார். அடுத்த வாரம் போனபோது அந்த இடத்தில் சுண்ணாம்பு தூவிய குழி மட்டும் இருந்தது. கார்த்திகை வரை அவர் என்னோடு பேசவில்லை. வேலி ஓரத்தில் எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொள்வார். ஒருநாள் அவராகவே வந்து நின்றார். எங்கள் சரிவுக்கு மேலே, கவனிப்பார் இல்லாமல் கிடக்கும் ஒரு தோட்டத்துக்குள் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். அங்கே சூம்பிப்போன தூர்கள் நிறைய நிற்கின்றனவாம், எல்லாவற்றிலும் கோடு. காற்று அங்கிருந்து கீழே அடிக்கிறது, அசுவினி அதில்தான் வந்திருக்கும் என்றார்.

"வறட்சிக்கு அது தாங்குனது நெசந்தான் தங்கச்சி. அந்தக் கொணம் செடிக்கு இருந்துச்சு. அத எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

"சரி" என்றார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இருக்கிறது. முன்னைப்போல இல்லை.

ஏட்டை இனிமேல் உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நோய் இருக்கிற தோட்டம் என்று வெளியே தெரிந்தால் நிலத்துக்கு மதிப்புப் போய்விடும், ஆட்கள் வேலைக்கு வரத் தயங்குவார்கள் என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் மழைமானிக்குப் பின்னால் தெரிந்த இலையைக் கண்டுபிடித்தது எங்களில் யாரும் இல்லை, எங்கோ இருந்த ஒருவர். பூட்டமாட்டேன் என்றேன். கொஞ்சம் பேர் விலகிப்போய்த் தங்களுக்குள் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் கன்று கைமாறுகிறது என்று கேள்வி. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அங்கே யாரும் எழுதுவதில்லையாம்.

இப்போது வாரம் ஒருமுறை ஏட்டின் முதல் பதிவு அக்காவுடையது. என் போனில் அவர் பேசுவார், நான் அப்படியே ஏற்றுவேன். "மேக்கால மூணாவது வரிசையில எனக்கு ஒரு தூரு பிடிக்கல, ஏன்னு தெரியல" என்றுகூடச் சொல்வார். அதையும் ஏற்றுவேன். ஏன் என்று பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துத் தெரிந்துவிடும்.

போன சனிக்கிழமை காலை, போடியில் ஜீப்பு ஆள் சேரக் காத்திருந்தபோது ஏட்டில் ஒரு புதிய படம் வந்தது. எழுதியவர் பெயர் எங்களுக்குப் பழக்கமில்லாதது. மலையாளத்தில் ஒரே வரி: இது என்னவென்று யாராவது சொல்ல முடியுமா? கீழே ஊர் பெயர் போட்டிருந்தார். பஸ்சில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் ஊர். அந்தப் பக்கம் கன்று வாங்கியதாக ஏட்டில் ஒருவரும் பதிந்ததில்லை.

அக்கா போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அது இப்போது அவருக்கு நன்றாக வருகிறது.

"கட்டேதான்" என்றார். "எந்த ஊரு இது?"

சொன்னேன்.

"அங்கிட்டு வரைக்கும் யாரு கொண்டு போனது?"

"தெரியலக்கா."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பதில் எழுத ஆரம்பித்தேன். நோயின் பெயர், உடனே செய்யவேண்டியது, எங்கிருந்து வந்திருக்கக்கூடும், எங்கள் கன்றாக இருந்தால் அது முதலில் யார் தோட்டத்திலிருந்து கிளம்பியது, என் பெயர், என் போன் எண். எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் இரண்டு படங்கள் வந்து விழுந்தன. வேறு வேறு பெயர்கள், அதே கோடுகள். டிரைவர் வண்டியை எடுத்தார்.